யானை "ஆள்" இல்லையாம்! அமெரிக்க கோர்ட்டு தீர்ப்பு

ஆளை யாராவது அடைத்து வைத்தால் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுவார்கள். அமெரிக்காவில் ஒரு யானைக்காகவும் இந்த மனு போட்டார்கள்!

யானையின் பெயர் ஹேப்பி. பெயரில்தான் சந்தோஷம். குட்டியிலே பிடிபட்டு, 1977 முதல் நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் வாசம். பல வருடங்களாக மற்ற யானைகளோடு சேர்க்காமல் தனியாக வைத்து இருந்தனர்.

கண்ணாடி பார்த்தது

2005-ல் அதன் தலையில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டு, பெரிய கண்ணாடி முன் விட்டார்கள். ஹேப்பி துதிக்கையைத் தூக்கி, தன் தலையில் இருந்த குறியைத் தடவியது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அதற்குப் புரிந்து இருக்கிறது!

2018-ல் ஒரு விலங்கு உரிமை அமைப்பு, "சரணாலயத்துக்கு அனுப்புங்கள்" என்று மனு போட்டது. "நன்றாகத்தானே கவனிக்கிறோம்" என்றது மிருகக்காட்சி சாலை. வழக்கு மாநிலத்தின் உச்ச அப்பீல் கோர்ட்டு வரை போனது.

5 பேர், 2 பேர்

2022 ஜூன் 14-ல் தீர்ப்பு. 7 நீதிபதிகளில் 5 பேர், "இந்த மனு மனிதர்களுக்கு மட்டும்" என்றனர். யானைக்குக் கொடுத்தால் வீட்டு நாய், பண்ணை மாடு என்று வரிசை கட்டுமே என்ற பயம்! (கம்பெனிக்குக்கூட சட்டத்தில் "நபர்" அந்தஸ்து உண்டு.)

2 பேர் ஒப்பவில்லை. அடிமைகளையும் ஒரு காலத்தில் சட்டம் ஆளாக மதிக்கவில்லை; அவர்களுக்கும் இதே மனுதான் கை கொடுத்தது என்றார் நீதிபதி ரோவன் வில்சன்.

ஹேப்பியை சரணாலயத்துக்கு அனுப்பவில்லை.