மெலிவு மாற்றுத்திறனின் இயல்பல்ல

மாற்றுத்திறன் கொண்ட குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தால், "அவனுக்கு இருக்கிற குறைக்கு உடம்பு எப்படித் தேறும்?" என்று பெற்றோரே அமைதி அடைந்துவிடுகின்றனர். திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இதில் பாசக் குறைவு எதுவும் இல்லை. நடக்கவும் பேசவும் வைக்க வேண்டும் என்ற கவலையின் முன்னே எடைக் குறைவு சிறிதாகத் தெரிகிறது.

ஆனால், உண்மை வேறு. உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகள் மாற்றுத்திறன் கொண்டவர்கள் என்று யுனிசெஃப் 2021-இல் மதிப்பிட்டது. மற்ற குழந்தைகளைவிட அவர்களுக்கு வளர்ச்சி குன்றும் வாய்ப்பு 34 விழுக்காடும், உடல் மெலியும் வாய்ப்பு 25 விழுக்காடும் அதிகம் என்றது அந்த அறிக்கை.

காரணம் பெரும்பாலும் உணவு உள்ளே செல்லும் வழியில் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு மெல்லுவதும் விழுங்குவதும் கடினம். ஒருவேளைச் சோறூட்ட ஒரு மணி நேரம்கூட ஆகும். ஷிப்ட் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கோ, செங்கல் சூளைத் தொழிலாளிக்கோ அந்த நேரம் எங்கே கிடைக்கும்? எனவே கஞ்சியை நீர்க்கக் கரைத்து, படுக்க வைத்துப் புகட்டுகின்றனர். வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை. மேலும், உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்றால் நுரையீரல் தொற்று வரும். அடிக்கடி சளி, காய்ச்சல் வந்தால் பசி மேலும் குறையும். அந்த மெலிவை, பிறவிக் குறையின் தொடர்ச்சி என்றே குடும்பம் எண்ணிக்கொள்கிறது.

இவற்றில் பலவற்றை வீட்டிலேயே மாற்ற இயலும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாயவிடாமல், சிறு கரண்டியால் சிறிது சிறிதாக ஊட்டலாம். குழைந்த சோற்றில் பருப்பு, மசித்த முட்டை, ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய் சேர்த்தால் குறைந்த அளவிலேயே கூடுதல் ஆற்றல் கிடைக்கும். ஊட்டும்போது இருமலோ புரையேறுவதோ தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பெற்றோரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கை, கால் இறுகிய குழந்தையை நிற்கவைத்து உயரம் அளக்க முடியாது. ஆகவே வளர்ச்சி அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்துவிடக்கூடும். ஆனால், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவை ஒரு நாடாவால் அளந்துவிடலாம். அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. இதற்கு மாற்றுத்திறன் விலக்கு அளிப்பதில்லை.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. தமிழகத்தில் 2022-இல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் தொடங்கப்பட்டது. வழிகள் இருக்கின்றன. மையத்துக்கு வர இயலாத குழந்தையின் வீட்டுக்கு அளவு நாடாவும் ஊட்டும் முறையும் சென்றாக வேண்டும். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களிடம் அவர்கள் மொழியிலேயே இதைச் சொல்ல வேண்டும். பிசியோதெரபிக்காக வரும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் குறிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். உடலில் வலு இல்லாத குழந்தைக்குப் பயிற்சி முழுப் பயன் தராது என்பதைப் பெற்றோர் அங்கேதான் எளிதில் உணர்வார்கள்.