தில்லிக் குளிரில் தக்காளிக் காய்

ராமகிருஷ்ணபுரம் வீட்டு பால்கனியில் 5 தொட்டிகளில் 'பூசா ரூபி' தக்காளி வைத்திருந்தேன். டிசம்பர் கடைசியில் காய்கள் பச்சையாகவே நின்றுவிட்டன. இரவில் 10 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளி சரியாகப் பழுக்காது. இங்கே ஜனவரியில் 5 டிகிரிகூட சகஜம். பிடுங்கி எறியப் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா விடவில்லை.

"காயா இருந்தா என்னடா? கூட்டு வைக்கலாமே!"

முற்றி வெளிறிய காய்களைச் செய்தித்தாளில் சுற்றி, வாழைப்பழத்தோடு டப்பாவில் மூடி, சமையலறையில் வைத்தோம். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு காயைப் பழுக்க வைக்கும். முற்றாதவை பாசிப்பருப்புக் கூட்டுக்கு. வெடித்தவை (தண்ணீரை ஒருநாள் மறந்து மறுநாள் கொட்டியது என் தப்புதான்) அன்றைக்கே தொக்காயின. பூஞ்சணம் பிடித்தவை மட்டும் எருவுக்கு.

பொங்கலன்று 8 பழம் சிவந்திருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அம்மா இரண்டைப் பையில் போட்டுக்கொண்டாள், அக்காவிடம் காட்ட.