நிழல் சொல்லும் கணக்கு

டிசம்பரில் ஒரு நாள், சூரியன் உச்சம் தொடும் வேளையில், சென்னையிலும் கன்னியாகுமரியிலும் மாணவர்கள் குச்சி நட்டு நிழலை அளந்தால், கோணங்கள் ஏறத்தாழ 5 பாகை வேறுபடும். அது முழு வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. வடக்கு தெற்காக உள்ள 555 கி.மீ. தொலைவை 72ஆல் பெருக்கினால், பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. எனக் கிடைக்கும். எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் கையாண்ட வழி இது.

இன்று இரு வகுப்பறைகளையும் இணைக்கக் கூகுள் ஷீட்ஸ் போன்ற பகிர்தாள் ஒன்று போதும். ஆனால், ஆசிரியர் கற்க வேண்டியது பொத்தான்களை மட்டுமல்ல. பார்க்கும் உரிமையை மட்டும் தந்தால் அது இன்னொரு கரும்பலகை. திருத்தும் உரிமையையும் தந்தால்தான் ஆய்வுக்கூடம். தவறான அளவுகள் பதிவாகலாம். அவற்றை அழித்துவிடாமல், ஏன் நேர்ந்தன என்று மாணவர்களோடு சேர்ந்து தேடும் துணிவே ஆசிரியருக்கு வேண்டிய முதற்பயிற்சி.