வியர்வையில் கிடைத்த மரபணு

1948 கோடையில் நியூயார்க் நகரம் வெப்ப அலையில் தவித்தது. வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு ஒரே நோய் இருந்தது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி கெட்டிப்பட்டு, கணையத்தின் குழாய்கள் அடைத்து, பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே உயிரைப் பறித்துவந்த பரம்பரை நோய் அது. சளி நோய்க்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு? பால் டி சான்ட்அக்னீஸ் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் வியர்வையைச் சோதித்தார். அதில் உப்பு பல மடங்கு இருந்தது. இன்றும் இந்த நோயை உறுதிசெய்ய வியர்வையில் குளோரைடைத்தான் அளக்கிறார்கள்.

சுரப்பியின் அடியில் ஊறும்போது எல்லோருடைய வியர்வையும் ஏறக்குறைய இரத்தத்தின் அளவுக்கு உப்பாகத்தான் இருக்கிறது. மெல்லிய குழாய் வழியாகத் தோலுக்கு ஏறிவருகையில் உடல் அந்த உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்த நோயாளிகளின் குழாய்ச் சுவரில் குளோரைடு நுழைய வழியே இல்லை என்று 1983இல் காட்டியவர் பால் குவின்டன். அவரும் இதே நோயோடு பிறந்தவர்.

அந்த வழியை அமைக்கும் மரபணு எங்கே இருக்கிறது? மனித மரபணுத் தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்துகளும் வாசிக்கப்படாத காலம். ஷாங்காயில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த லாப்-சீ சூய், டொரோண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்துகொண்டு, நோய் கண்ட குடும்பங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தார். 1985இல் தேடல் 7ஆம் குரோமோசோமுக்குள் அடங்கியது. அப்படியும் மிச்சமிருந்த பரப்பு மிகப் பெரியது. டி.என்.ஏ.வில் நீண்ட தூரங்களைத் தாவிக் கடக்கும் முறையோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் காலின்ஸ் வந்து சேர்ந்தார். சூயின் மருத்துவமனையிலேயே இருந்த ஜாக் ரியோர்டன், வியர்வைச் சுரப்பிச் செல்களில் இயங்கும் மரபணுக்களின் நகல்களைச் சேர்த்துவைத்திருந்தார். குரோமோசோமிலிருந்து எடுத்த ஒரு துண்டு அந்தச் சேகரிப்பில் இருந்த ஒரு நகலோடு பொருந்தியது. 1989 செப்டம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் மூன்று கட்டுரைகளாக முடிவு வெளியானது.

நோய்க்குக் காரணமான பிழையை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமானவரிடம் ஓரிடத்தில் ஏ-டி-சி, டி-டி-டி என்று இருக்கும். முதல் மூன்றெழுத்து ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்கு, அடுத்தது ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்துக்கு. பெரும்பாலான நோயாளிகளிடம் நடுவிலிருந்து சி-டி-டி என்ற மூன்று எழுத்துகள் விழுந்துவிட, ஏ-டி-டி மட்டும் எஞ்சுகிறது. அதுவும் ஐசோலூசினையே குறிப்பதால் முன்னும் பின்னும் எதுவும் கலையவில்லை. குளோரைடின் வழியாக அமைவது இந்த மரபணு உருவாக்கும் புரதம். அதன் 1,480 அமினோ அமிலங்களில் 508ஆவதான ஃபினைல்அலனின் மட்டும் இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆள் நலமாகவே இருப்பார்.

எனக்கு இதைவிடவும் வியப்பாக இருப்பது அடுத்து தெரியவந்ததுதான். ஒன்று குறைந்த அந்தப் புரதம் முற்றிலும் உதவாத ஒன்றல்ல. அது சரியாக மடங்காததால் செல் அதை மேற்பரப்புக்கு அனுப்பாமலே அழித்துவிடுகிறது. ஓர் இழை விட்டுப்போனதற்காக, உடுத்தக்கூடிய சேலையைத் தறியடியிலேயே கழித்துவிடுவதுபோல. 1992இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெல்ஷ் குழுவினர் செல்களை 37 டிகிரிக்குக் குறைவான வெப்பநிலையில் வளர்த்தார்கள். புரதத்தில் ஒரு பகுதி மேற்பரப்புக்கு வந்துசேர்ந்தது, குளோரைடையும் கடத்தியது! அப்படியானால் இந்தப் பழுதைச் சரிசெய்ய முடியும்.

குளிரில் நடந்ததை உடல் வெப்பத்திலேயே நடத்திக்காட்டும் மூலக்கூறுகளைத் தேடிப் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சலித்தார்கள். புரதத்தை மடங்கவைக்கும் இரண்டு மருந்துகளும் வழியைத் திறந்துவைக்கும் ஒன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்தவர்களில் பலருக்கு அது தேவைப்படாமலே போனது. ஆனால் அங்கே அறிவித்த விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். புரதமே உருவாகாதபடி செய்யும் பிழைகள் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையாலும் பயனில்லை.

நம் நாட்டில் வெகுகாலம் இந்த நோயே கிடையாது என்று நம்பினார்கள். இருக்கிறது. மாறாத சளியோடும் ஏறாத எடையோடும் வரும் குழந்தைக்குக் காசநோய் அல்லது ஆஸ்துமா என்று மருந்து கொடுத்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இந்தியக் குழந்தைகளிடம் 508ஆவது இடத்துப் பிழை ஐரோப்பாவில் உள்ள அளவுக்கு இல்லை. வேறு பிழைகளின் பங்கு அதிகம். ஐரோப்பியர்களை மனத்தில் வைத்துத் தயாரித்த மரபணுச் சோதனைப் பட்டியல்களில் அவற்றில் பல இடம்பெறுவதில்லை. வியர்வைச் சோதனைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. எந்தப் பிழையானாலும் உப்பு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு முதலில் வர வேண்டியது அந்தச் சோதனைதான்.