பதநீர் கள்ளாவது எப்படி? ஈஸ்டுக்குள் இருக்கும் சர்க்கரை ஸ்விட்ச்!

கோடை வந்துவிட்டால் சிவகாசி, சாத்தூர் பக்கம் பதநீருக்குத் தனி மவுசு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால்தான் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை இருப்பதால், பனையேறிகளுக்கு இது பிழைப்புப் பிரச்னை.

இந்த மாற்றத்தைச் செய்வதில் முக்கியப் பங்கு ஈஸ்டுக்கு. ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு. ஆனால், அதற்குள் சுமார் 6,000 ஜீன்கள். எல்லாவற்றையும் அது ஒரே நேரத்தில் இயக்குவதில்லை. எதை இயக்குவது, எதை அணைப்பது என்பதில் சர்க்கரையின் அளவுக்குப் பெரிய பங்கு உண்டு.

பூட்டும் சாவியும்

ஈஸ்ட் முதலில் தேடுவது குளுக்கோஸை. பதநீரில் அதிகம் இருப்பதோ சுக்ரோஸ். அதாவது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த சர்க்கரை. அதைப் பிரிக்க 'இன்வர்டேஸ்' என்ற என்சைம் வேண்டும். குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்வரை, 'மிக்1' என்ற புரதம் அந்த என்சைமுக்கான ஜீனைப் பூட்டிவைக்கிறது. குளுக்கோஸ் குறைந்ததும், 'ஸ்னஃப்1' என்ற புரதம் விழித்துக்கொண்டு மிக்1-ஐ வெளியேற்றுகிறது. ஜீன் திறக்கிறது. என்சைம் தயாராகிறது.

சரி, போதை எங்கிருந்து வருகிறது? சர்க்கரை மிதமிஞ்சி இருந்தால், காற்று கிடைத்தாலும்கூட, ஆக்சிஜன் உதவியுடன் அதை முழுமையாக எரிப்பதற்கான ஜீன்களை ஈஸ்ட் அடக்கிவைக்கிறது. அரைகுறையாக உடைந்த சர்க்கரை ஆல்கஹாலாகிறது. சர்க்கரை தீர்ந்த பிறகு அந்த ஜீன்கள் விழித்தால், ஆல்கஹாலையே அது உணவாக்கிக்கொள்ளும்!

சுண்ணாம்பின் வேலை எளிமையானது. அதன் காரத்தன்மை ஈஸ்டை வளரவிடாது. ஈஸ்ட் பெருகாவிட்டால் ஸ்விட்சுக்கும் வேலையில்லை.

நம் உடம்பிலும்...

சுக்ரோஸைப் பயன்படுத்த முடியாத ஈஸ்டுகளை ஆராய்ந்து, ஸ்னஃப்1 ஜீனை 1981-ல் அமெரிக்க விஞ்ஞானி மரியன் கார்ல்சன் குழுவினர் அடையாளம் காட்டினார்கள். அதன் உறவுக்காரப் புரதம் நம் செல்களிலும் இருக்கிறது. பெயர், ஏ.எம்.பி.கே. செல்லில் சக்தி குறையும்போது இது விழிக்கிறது. உடற்பயிற்சி செய்யும்போது தசைகளில் சர்க்கரையை உள்ளே இழுக்க உதவுகிறது. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை வேலை செய்யும் வழிகளில் இந்தப் புரதத்தைத் தூண்டுவதும் ஒன்று.

பதநீர் இயற்கையானது என்றாலும், அதன் இனிப்பு சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.