தானியக் களஞ்சியமும் தாய்ப்பூனையும்

விருதுநகர் ஜில்லாவின் கரிசல் நிலங்களில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்படும் சோளம், கம்பு, உளுந்து, பாசி முதலியன தை, மாசி மாதங்களில் வீடு வந்து சேருகின்றன. விதைக்கென்றும் விற்பனைக்கென்றும் அவற்றை மூட்டை கட்டி அடுக்கிய நாள் முதல் எலிகளின் தொல்லை ஆரம்பமாகிறது. வளர்ந்த எலி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தானியம் தின்னும். தின்பதைவிடச் சிந்தியும் மூத்திரத்தாலும் புழுக்கையாலும் கெடுப்பதே அதிகம்.

இத்தொல்லைக்குப் பரிகாரமாகப் பூனை வளர்ப்பது குடியானவர்களின் பழைய வழக்கமாகும். பெருச்சாளியைப் பெரும்பாலான பூனைகள் நெருங்குவதில்லை. ஆயினும் வீட்டெலி, சுண்டெலி ஆகியவற்றை அடக்கி வைப்பதில் நல்ல பூனையின் உதவி சொற்பமன்று. அத்தகைய பூனை தாயின் பழக்கத்தால் உருவாவது. குட்டிகள் பிறந்து நான்கைந்து வாரமானதும் தாய், இரையைக் கொணர்ந்து அவற்றின் முன் போட்டு வேட்டையாடப் பழக்குகிறது. ஆதலின் தாயையும் குட்டிகளையும் முதல் 2 மாதங்கள் பத்திரமாகக் காப்பது களஞ்சியத்தைக் காப்பதன் ஒரு பகுதியேயாம்.

சினையின் அடையாளங்கள்.— பூனையின் சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாட்கள். மூன்றாவது வாரத்தில் முலைக்காம்புகள் சிவந்து பருக்கும். ஐந்தாவது வாரத்தில் வயிறு பெருத்துத் தோன்றும். வயிற்றை அழுத்திப் பார்ப்பது தவறு. ஐப்பசியில் தீபாவளி வெடிச் சத்தம் கேட்கும் நாட்களிலும், சிவகாசி வட்டாரத்தில் வெடிகளைச் சோதித்துப் பார்க்கும் இடங்களின் அருகிலும், சினைப்பூனையை உள்ளறையில் வைத்துக் கதவு, சன்னல்களைச் சாத்துதல் நலம். மிரண்டு ஓடும் பூனை வழி தவறவும் அடிபடவும் கூடும்.

ஆகாரம்.— சோறும் மோரும் மட்டும் தின்னும் பூனை உயிரோடிருக்கலாம். திடமான குட்டிகளை ஈனாது. மீன், இறைச்சி முதலியவற்றிலுள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் கரு கலைவதும், குட்டிகள் செத்தோ பலவீனமாகவோ பிறப்பதும் உண்டு. வேகவைத்த மீன், கோழி இறைச்சி, முட்டை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்தல் வேண்டும். கருவாட்டில் உப்பு மிகுதி, அதை நம்பியிருக்கலாகாது. பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆகாரம் தேவை. சுத்தமான தண்ணீர் எப்போதும் அருகில் இருக்கவேண்டும்.

பிரசவத்திற்குரிய இடம்.— ஈனும் நாள் நெருங்கியதும் பூனை இருட்டான மூலையைத் தேடும். நாமே இடம் ஏற்படுத்தாவிடில் அது தனக்குத் தோன்றிய இடத்தில் ஈனும். மூட்டைகளின் இடுக்கும் வைக்கோற் படப்பும் அதற்குப் பிரியமானவை. சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலைச் சார்ந்த காகிதக் கழிவுக் குவியலும் அத்தகையதே. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் முதலியன படிந்த இடத்தில் பூனை படுத்தால், அத்தூள் உரோமத்தில் ஒட்டும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் விலங்காதலால் அது வயிற்றுக்குள் செல்லும், குட்டிகளையும் அடையும். மருந்துக் கொட்டகைகளில் விலங்கு நடமாடுவதே தொழிலாளருக்கும் அபாயம். ஆகவே ஈனுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே ஒரு பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, அதை வீட்டின் அமைதியான மூலையில் வைத்துப் பழக்குக. கடுவன் பூனைகள் குட்டிகளைக் கொல்வதுண்டாதலால் அவை அணுகாதபடி செய்க. பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பர். அடிக்கடி எட்டிப் பார்ப்பதும் குட்டிகளைக் கையிலெடுப்பதும் அவ்வாறு மாற்றுவதற்குக் காரணமாகும்.

பிரசவம்.— பெரும்பாலும் மனித உதவி வேண்டுவதில்லை. தாயே பனிக்குடத்தைக் கிழித்து, குட்டியை நக்கி, தொப்புள் கொடியைக் கடித்துவிடும். அவ்வாறு செய்யாவிடில் மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த துணியால் குட்டியை மெல்லத் தேய்க்கவேண்டும். அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், துர்நாற்றமுள்ள நீர் வடிந்தாலும், தாய் மிகச் சோர்ந்தாலும் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். குட்டியைப் பிடித்து இழுத்தல் கூடாது.

குட்டிகளின் கவனிப்பு.— பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏறவேண்டும். சிறு தராசில் தினமும் நிறுத்துப் பார்ப்பது சிலாக்கியம். எடை ஏறாமையே நோயின் முதல் அறிகுறி. நோயைத் தடுக்கும் சக்தி முதல் நாளைய சீம்பாலால் கிடைக்கிறது. முதல் 3 வாரங்கள் குட்டிகள் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவை, குளிர் தாக்கலாகாது. கண்கள் 7 முதல் 10 நாட்களில் திறக்கும். விரலால் திறக்க முயல்வது கெடுதல். தாயற்ற குட்டிகளுக்குப் பசும்பால் ஏற்றதன்று, கழிச்சலை உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பொடியைக் கரைத்து, குட்டியைக் குப்புறப் படுக்க வைத்தே ஊட்டவேண்டும். நான்காவது வாரம் முதல் மசித்த மீனும் இறைச்சியும் பழக்கலாம். எட்டு வாரம் நிரம்புமுன் தாயிடமிருந்து பிரிப்பது தகாது.

விஷ மருந்துகள்.— பாடுபட்டு வளர்த்த பூனையை ஒரே இரவில் இழப்பதற்கு இதுவே முக்கிய காரணம். புரோமடியலோன் கலந்த கட்டியைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். தளர்ந்த எலி பூனைக்கு எளிதில் அகப்படும். எலியின் ஈரலில் தங்கிய மருந்து, பூனையின் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். சிங்க் பாஸ்பைடு வைத்துக் கொன்ற எலியைத் தின்பதும் அபாயமே. தாய் இறந்தால் பாலுண்ணும் குட்டிகளும் மடியும். பின்னர் எலிகளுக்குத் தடையில்லை. ஆதலால் பூனை குட்டிகளோடிருக்கும் வீட்டில் எலி மருந்தை விலக்கி எலிப்பொறியையும், வயலில் தஞ்சாவூர்க் கிட்டியையும் உபயோகிப்பது உத்தமம். கிட்டங்கியில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகைமூட்டம் செய்வதைத் தகுந்த பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களைக் கொண்டே நடத்தவேண்டும். அதற்கு முன் மூட்டை இடுக்குகளில் குட்டிகள் உளவா என்று தேடி அப்புறப்படுத்துவது அவசியம். காய்ச்சலென்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுப்பது பூனைக்குப் பிராணாபாயம்.

மனிதர் காக்கவேண்டிய ஜாக்கிரதை.— குட்டிகளுக்கு 8 வாரமானதும் பூனைகளுக்குரிய தடுப்பூசிகளையும், 12 வாரமானதும் வெறிநோய்த் தடுப்பூசியையும் போடுவித்தல் வேண்டும். பூனை கடித்தாலும் கீறினாலும் அவ்விடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கருவுற்ற ஸ்திரீகள் பூனையின் மலத்தை அப்புறப்படுத்தும் வேலையைச் செய்யலாகாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி கருவைப் பாதிக்கும்.

பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகக் கூடும். ஆகையால் வேண்டிய அளவு குட்டிகளை வைத்துக்கொண்டு, தாய்க்கு வைத்தியர் ஆலோசனைப்படி கருத்தடைச் சிகிச்சை செய்விப்பது விவேகம். வயிறார உண்டு திடமாயிருக்கும் இரண்டு பூனைகள், பட்டினி கிடக்கும் பத்துப் பூனைகளைவிட மேல்.

ஊர் முழுவதும் சேர்ந்து எலி ஒழிப்பு நடத்தும்போது கிராம நிர்வாக அதிகாரிகள் இரண்டு நாள் முன்னதாகவே ஊராருக்கு அறிவித்து, பூனைகளை அடைத்து வைக்கவும், செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்கவும் ஏற்பாடு செய்வார்களாயின், எலியும் ஒழியும். எலியின் பகையும் பிழைக்கும்.