உங்களுக்குத் தெரியுமா? கடல் கடந்தும் தத்தெடுக்கலாம்

கோட்டாற்றில் பிறந்து வெளிநாட்டில் வாழும் தம்பதியும் இந்தியக் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்கலாம்.

● 1984-இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு விரிவான நெறிமுறைகளை வகுத்தது. குழந்தை விற்பனையைத் தடுப்பதே நோக்கம். நாடுகளுக்கு இடையேயான தத்தெடுப்பு பற்றிய 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது.

● இந்தியக் குடியுரிமை இருந்தால், எந்த நாட்டில் வாழ்ந்தாலும் உள்நாட்டுப் பெற்றோருக்கு இணையான முன்னுரிமை உண்டு.

● மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் தடையில்லாச் சான்று கட்டாயம்.

● 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை தருபவர் மாவட்ட ஆட்சியர். குமரி மாவட்டக் காப்பகக் குழந்தைக்கு நாகர்கோவிலிலேயே ஆணை கிடைக்கும்.

● குழந்தை போனபின் 2 ஆண்டுகள் கண்காணிப்பு: முதலாண்டில் 3 மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் 6 மாதத்துக்கு ஒன்று என 6 அறிக்கைகள்.

“உடனே பிள்ளை வாங்கித் தருகிறேன்” என்று வரும் தரகரை நம்பாதீர்கள். காத்திருப்பு நீளலாம், அது பிள்ளையின் பாதுகாப்புக்காகவே.